வலைக்குப் பின்னால் நின்ற குரல்

மோகனப்பிரியா வளர்ந்த வீட்டில் பேச்சு குறைவு. சண்டையோ மனத்தாங்கலோ காரணமில்லை. சென்னிமலைக்குப் பக்கத்தில் இருந்த அந்த வீட்டின் முன்பாதி முழுக்க விசைத்தறி. கரண்ட் இருக்கும்வரை தறி ஓடும். தறி ஓடும்வரை வாயைத் திறந்து பயனில்லை. சோறு போடட்டுமா என்பதற்கு ஒரு கை, நூல் அறுந்துவிட்டது என்பதற்கு ஒரு கை, வாசலில் ஆள் வந்திருக்கிறது என்பதற்கு ஒரு தலையாட்டல். மீதியை உதட்டைப் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். அம்மா பாவாத்தாள் தறிக்கு அந்தப் பக்கம் நின்று முணுமுணுக்கும் வசவுகூட மகளுக்கு எழுத்தெழுத்தாகப் புரியும்.

அந்தக் கண்ணும் கையும்தான் அவளைக் கோல்கீப்பர் ஆக்கின. பள்ளிக்கூடத்தில் ஐந்தடி எட்டங்குலத்துக்கு வளர்ந்து நின்றவளைப் பிடித்து இரண்டு கம்பங்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். பந்து உதைக்கிறவளின் இடுப்பைப் பார்த்தே எந்தப் பக்கம் வரும் என்று சொல்லிவிடுவாள். அதன் பலனாகக் கோவைக்கு மேற்கே, பாலக்காடு ரோட்டில் இருக்கும் ஒரு பெண்கள் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கிடைத்தது. முதல் வருடமே அணியில் சேர்ந்துவிட்டாள்.

ஒரே ஒரு குறை. கால்பந்தில் மைதானம் மொத்தத்தையும் முகத்துக்கு நேராகப் பார்க்கிறவள் கோல்கீப்பர் ஒருத்திதான். அவளுக்கு முன்னால் காவல் நிற்கும் டிஃபன்ஸ்காரிகள் எல்லாரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முதுகிடம் கையை ஆட்டி என்ன ஆகப்போகிறது? கீப்பர் என்றால் கத்த வேண்டும். மோகனப்பிரியாவுக்குக் கத்த வராது.

வந்திருந்தாலும் அந்த அணியில் கத்துவதற்கு ஒரு மரியாதை இருந்தது. ஜூனியர் சீனியரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. முதலில் 'அக்கா', அப்புறம்தான் விஷயம். கோட்டுக்கு வெளியே என்ன வழக்கமோ அதுவே கோட்டுக்கு உள்ளேயும். பாலக்காட்டிலிருந்து வந்த பி.டி. மேடம் உம்மல் குல்சும் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்.

"'அக்கா, பந்து வருதுங்க, சித்தெ தள்ளிக்கறீங்களா'ன்னு நீங்க கேட்டு முடிக்கறதுக்குள்ள எதிராளி கோலப் போட்டு, டீயக் குடிச்சு, பஸ் ஏறியிருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். யாரும் மாறவில்லை. முட்ட வரும் மாட்டைக்கூட 'அக்கட்டால போங்க' என்று சொல்லுகிற ஊரில் பிறந்த பிள்ளைகள். என்ன செய்வது?

அந்த அணியில் தயங்காமல் கத்தக்கூடியவள் நவ்யா மட்டும்தான். அவள் கேப்டன், கடைசி வருடம். அவளுக்கு மேலே அக்காவே கிடையாது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் தெலுங்குக் குடும்பத்துப் பெண். சென்டர் பேக், டிஃபன்ஸின் நடுக்காவல். அவளிடம் இருந்தது இரண்டே வார்த்தை. "ஏறு" என்றால் டிஃபன்ஸ் மொத்தமும் ஒரு கதவு சாத்துவதுபோல முன்னால் போகும். "விடு" என்றால் பந்தைத் தொடாமல் விலகி கீப்பருக்கு வழிவிட வேண்டும். அந்தக் குரல் மைதானத்தின் மறுகோடியில் தண்ணீர் குடிக்கிறவளையும் நிமிர்த்தும்.

மோகனப்பிரியா இரண்டாம் வருடம் படிக்கையில், பிப்ரவரியில், கல்லூரி மைதானத்தில் ஒரு சாதாரண நட்பு ஆட்டத்தில் அது நடந்தது. உயரமாக வந்த ஒரு பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நவ்யா பின்னால் பின்னால் ஓடி வந்தாள். தானே எடுக்கலாம் என்று மோகனப்பிரியாவும் முன்னே வந்துவிட்டாள். 'விடு' என்று சொன்னால் போதும். அவள் முதலில் கையைக் காட்டினாள். நவ்யாவுக்கு முதுகு. அப்புறம் வாயைத் திறந்தாள்.

"அக்கா..."

அதற்குமேல் சொல்ல நேரம் இருக்கவில்லை. இருவரும் மோதினார்கள். நவ்யாவின் பின்மண்டைப் பொடனி மேற்குக் கோலின் வலது கம்பத்தில் பட்டது. கம்பம் கோயில் மணி மாதிரி ஒரு சத்தம் போட்டதாக அன்று ஆடியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

நவ்யா பிழைத்துக்கொண்டாள். நடந்தாள், சாப்பிட்டாள், அடையாளம் கண்டுகொண்டாள். பேசவில்லை. தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர்கள் பேச முடியாமல் போக ஒரு காரணமும் இல்லை என்றார்கள். அவளை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். அவள் தேர்வும் எழுதவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்தபோது கேப்டன் பட்டையை யாரும் கையில் கட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. அது நவ்யாவின் பட்டை. ஸ்போர்ட்ஸ் ரூம் மேசையில் கிடந்தது. ஆளாளுக்கு வேறு எங்கோ பார்த்தார்கள். கடைசியில் ஃபார்வர்டு ஆடும் கோகிலவாணிதான் அதை எடுத்து மோகனப்பிரியாவிடம் நீட்டினாள்.

"நீயே கட்டுடி. அவங்க பின்னாடி நின்னவ நீதான."

அந்தச் சொல்லில் குத்தல் இருந்ததா என்று மோகனப்பிரியாவுக்குத் தெரியவில்லை. கட்டிக்கொண்டாள். இப்போது அவளுக்கு மேலேயும் அக்கா என்று யாரும் இல்லை. இருந்தும் தொண்டையிலிருந்து குரல் வரவில்லை. முதல் இரண்டு பயிற்சி ஆட்டங்களிலும் தோற்றார்கள். "இன்டர் காலேஜ் வரைக்கும் பாப்பேன்," என்றார் மேடம். "பின்னாடியிருந்து சத்தம் வரலைன்னா பட்டை கைமாறும், பாத்துக்கோ. பேசாத கேப்டன் எனக்கு வேண்டாம்."

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்த மைதானத்தில் நேராக நுழையும். மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு. காற்று தோப்பைத் தாண்டி, வேலியைத் தாண்டி, கோல் வலையை உள்பக்கமாக உப்ப வைக்கும். மேற்கில் நிற்கிற கீப்பருக்கு வலை முதுகில் வந்து உரசிக்கொண்டே இருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம் ஒரு பயிற்சி ஆட்டம். பந்தை எதிரணிக்காரி தடுமாறவிட்டாள். டிஃபன்ஸை முன்னே அனுப்ப இதுதான் நேரம். மோகனப்பிரியாவுக்குத் தெரியும், வாய் திறக்கப் பார்த்தாள்.

"ஏறு!"

டிஃபன்ஸ்காரிகள் நால்வரும் ஒரே அடியாக முன்னால் போனார்கள். எதிரணி ஃபார்வர்டு ஆஃப்சைடில் மாட்டிக்கொண்டாள். முதல் வருடம் வந்து சேர்ந்திருந்த சென்டர் பேக், பவானிக்காரி புவனா, திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினாள். "செம டைமிங்க்கா!"

தூரத்திலிருந்து கோகிலவாணி கத்தினாள். "ஊமை பேசிருச்சுடோய்! ஏன்டி, மருதமலைக்கு வேண்டிக்கிட்டயா?"

மோகனப்பிரியாவின் வாய் இன்னும் பாதி திறந்துதான் இருந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வலை, வேலி, தோப்பு. ஒருவரும் இல்லை. வலை முழுவதும் காற்றில் உப்பியிருந்தது. வலது கம்பத்துக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்கு அசையாமல் தொங்கியது. அந்த இடத்துக்குப் பின்னால் யாரோ நின்று காற்றை மறைப்பதுபோல.

அன்று ராத்திரி ஹாஸ்டலில் அவள் கோகிலவாணியிடம் சொல்லிப் பார்த்தாள்.

"நான் கத்தலடி."

"பின்ன உங்கம்மா வந்து கத்துனாங்களா?"

"நெசமாத்தான்."

"எங்களுக்குப் பின்னால நீ ஒருத்திதான நிக்கற? அடக்கம் போதும், தூங்கு."

கேட்கிறவர்களுக்கு முதுகில் கண் இல்லை. கோல் பக்கமிருந்து சத்தம் வந்தால் அது கீப்பரின் சத்தம்தான். புதிதாகச் சேர்ந்தவர்கள் நவ்யாவைப் பார்த்ததுகூட இல்லை. நாளாக ஆக அந்தக் குரல் தவறாமல் வந்தது. 'ஏறு.' 'விடு.' 'ஏறு.' யாரையும் அக்கா என்று அழைக்காமல், ஒரு நொடி வீணாக்காமல். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. மேடம் முதுகில் தட்டிக்கொடுத்தார். கோகிலவாணி ஒரு நாள் ஷூவைக் கழற்றியபடி சாதாரணமாகச் சொன்னாள்: "நவ்யாக்கா மாதிரியே கத்தறடி. கண்ண மூடுனா அவங்கதான்."

மோகனப்பிரியா அதை முன்பே கண்டுகொண்டிருந்தாள். 'விடு' என்பதில் அந்த 'டு' ஓட்டைச் சட்டியில் கல் விழுந்தாற்போல் விழும். அப்படிச் சொல்கிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

பயந்தாள் என்பது உண்மை. அதைவிட வெட்கமான இன்னொரு உண்மையும் இருந்தது: அவள் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். வேலையைத்தான் வேறு யாரோ செய்கிறார்களே.

இன்டர் காலேஜ் அரையிறுதிக்கு முந்தைய சனிக்கிழமை, பயிற்சிக்கு லீவு சொல்லிவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போனாள். அங்கிருந்து ஒரு டவுன் பஸ். நவ்யாவின் அம்மா வெங்கடலட்சுமி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வா கண்ணு. இத்தன நாளு கழிச்சாவது வந்தியே. டீம்ல ஒருத்தரும் வாரதில்ல."

நவ்யா வீட்டுக்குப் பின்னால், கொப்பரை காயப்போட்டிருந்த களத்து ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு இளைக்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது. மோகனப்பிரியாவைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவ்வளவுதான். பிறகு கிழக்கே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பகலெல்லாம் இப்படித்தானுங்க கண்ணு," என்றார் வெங்கடலட்சுமி. "வெயில் தாழ்ந்தா மட்டும் வாயசைக்குது. சத்தம் ஒண்ணும் வாரதில்ல. சாமி கும்பிடறாளோ என்னமோன்னு நானும் உட்டுட்டேன்."

காத்திருந்தார்கள். காப்பி ஆறியது. களத்தில் நிழல் நீண்டது. கல்லூரியில் இந்நேரம் பயிற்சி தொடங்கியிருக்கும் என்று மோகனப்பிரியா நினைத்த அதே சமயம் நவ்யாவின் முதுகு நிமிர்ந்தது. கண்கள் இடமும் வலமும் ஓட ஆரம்பித்தன, ஒரு பந்தைத் தொடர்கிறவளின் கண்கள். உதடு பிரிந்தது.

தறி வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் படிக்கச் சத்தம் தேவையில்லை.

ஏறு. ஏறு. விடு.

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள் நவ்யா. நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. நடுவில் ஒரு முறை அந்த உதடு வேறு ஒன்றைச் சொல்லத் தொடங்கியது. கண் அண்ணாந்தது, தலை பின்னுக்குச் சாய்ந்தது. 'வா. பின்னால வா. இன்னும் வா.' அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் எந்தக் குரோதமும் இல்லை. பிப்ரவரிப் பந்துக்குக் கீழே இன்னும் ஓடிக்கொண்டிருப்பவள்போல, ஒரே தடத்தில் போய்வரும் தறி நாடா மாதிரி திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

மோகனப்பிரியா ஹாஸ்டலுக்குத் திரும்பியபோது கோகிலவாணி கோபமாக இருந்தாள்.

"லீவுன்னு சொல்லிட்டு வந்துட்டு, ஒரு வார்த்த பேசாமப் போயிட்ட?"

"எங்க வந்தேன்?"

"பிராக்டிஸுக்குத்தான். அந்தக் கத்துக் கத்துன. கடைசியில பாத்தா கோல்ல ரிசர்வ் கீப்பர் நிக்கறா. அவளக் கேட்டா, 'நான் வாயே தொறக்கலீங்க்கா'ங்கறா."

மோகனப்பிரியா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அரையிறுதி அவர்கள் மைதானத்திலேயே நடந்தது. காற்று அன்று வெறி பிடித்தாற்போல் அடித்தது. இடைவேளைவரை யாரும் கோல் போடவில்லை. இரண்டாம் பாதியில் மோகனப்பிரியாவுக்கு மேற்குப் பக்கம் வந்தது. குரலும் வந்தது. 'ஏறு' என்றது, ஏறினார்கள். 'விடு' என்றது, விட்டார்கள். வலது கம்பத்துக்குப் பக்கத்தில் வலை அசையாமல் தொங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிரணி நடுக்கோட்டிலிருந்து ஒரு பந்தைத் தூக்கி அடித்தது. எதிர்க்காற்றில் மாட்டி அது மேலேயே தொங்கியது. அப்படிப்பட்ட பந்து தூரமாக வராது, முன்னாலேயே விழும். டிஃபன்ஸ்காரி இருந்த இடத்தில் நின்றால் போதும்.

"வா!"

புவனா அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஓட ஆரம்பித்தாள்.

"பின்னால வா! இன்னும் வா!"

கேப்டன் சொல்கிறாள் என்று நம்பி அந்தப் பிள்ளை முழு வேகத்தில் முதுகை முன்னால் விட்டு ஓடி வந்தது. நேராக வலது கம்பத்தை நோக்கி. மோகனப்பிரியாவுக்கு எல்லாம் தெரிந்தது: அந்தத் தலை, அந்தக் கம்பம், எங்கே சேரும் என்பது. 'நில்லு' என்று சொன்னால் நிற்பாளா? அது 'வா' என்கிறதே. இரண்டு குரலில் எதைக் கேட்பாள்? இத்தனை நாளாக அவள் கேட்டுப் பழகியது எதை?

முதலில் அந்தக் குரலை நிறுத்த வேண்டும்.

வாயைத் திறந்தாள். தொண்டையில் முதலில் ஏறி வந்து நின்ற சொல் 'அக்கா'. பிப்ரவரியில் வந்த அதே சொல். அதை விழுங்கினாள்.

"நவ்யா! சும்மா இருடீ!"

மைதானமே திரும்பியது. அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. கரகரத்து, கிழிந்து, தறி நின்றுபோன வீட்டில் திடீரென்று கேட்கும் மனிதக் குரல் மாதிரி இருந்தது.

"புவனா, நில்லு!"

புவனா நின்றாள். குதிகால் கம்பத்தின் அடியில் இடித்தது. தலைக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கலாம்.

பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்தது. எதிரணிக்காரி ஓடி வந்து, அவசரமே இல்லாமல், வலைக்குள் தட்டிவிட்டாள். மோகனப்பிரியா அதைப் பார்க்கவில்லை. அவள் வலது பக்கத்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அசையாமல் தொங்கிய அந்த இடம் மெல்ல உப்பி, மற்ற இடத்தோடு சேர்ந்து காற்றில் ஆடத் தொடங்கியது.

மீதி நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த ஒரு கோலில் தோற்றார்கள்.

கைகொடுக்க வந்த எதிரணி கேப்டன் சிரித்தாள். "நவ்யா யாருங்க? உங்க டீம்ல அப்படி ஒரு பேரே இல்லியே. இல்லாத புள்ளையத் திட்டுனா பந்து நிக்குமாக்கும்?"

அவள் போனதும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மோகனப்பிரியா பட்டையைக் கழற்றி மேடம் முன்னால் வைத்தாள். மேடம் அதை எடுக்கவில்லை. புவனாதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் கை இன்னும் பொடனியிலேயே இருந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுங்களா? நில்லுன்னது நீங்க. அது தெரியுது. மொதல்ல வா வான்னு கூப்புட்டது யாருங்க?"

"அவ இல்ல," என்றாள் கோகிலவாணி. "நான் திரும்பிப் பாத்துட்டேதான் நின்னேன். வா வான்னு சத்தம் வாரப்ப இவ வாய இறுக்க மூடிட்டு நின்னா."

மேடம் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பையில் மோகனப்பிரியாவின் ஃபோன் அடித்தது. வெங்கடலட்சுமி. காற்றில் காதுக்குக் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கண்ணு, நவ்யா பேசிட்டா கண்ணு! சித்தெ முந்தித்தான். களத்துல உக்காந்திருந்தவ வெடுக்குன்னு முழிச்சாப்புல தலையத் தூக்கி, 'சரி, சும்மாதான் இருக்கேன். எதுக்கு இந்தக் கத்துக் கத்தற'ன்னா. நான் கத்தவே இல்ல கண்ணு, அடுப்படில இருந்தேன். இன்னொண்ணு பாரு, ஊட்டுல எங்களுக்குத் தெலுங்குதான். பொறந்ததுல இருந்து என்றகிட்ட அவ தமிழ்ல பேசுனதே கெடையாது. இது யாருகிட்டச் சொன்னாளோ தெரியல... இப்ப பசிக்குதுங்கறா. தோசை ஊத்தப் போறேன். அப்பறமாக் கூப்படறேன் கண்ணு."

கோகிலவாணி பட்டையை எடுத்து மோகனப்பிரியாவின் கையில் தானே இழுத்துக் கட்டினாள். முடிச்சு வலிக்கிற அளவுக்கு இறுக்கமாக இருந்தது.

திங்கட்கிழமை பயிற்சிக்கு மைதானத்தில் இறங்கும் முன் மோகனப்பிரியா எல்லாரையும் கோட்டருகே நிறுத்தினாள். "கோட்டுக்கு அக்கட்ட நான் அக்கா. இக்கட்ட வந்தா மோகனா. எல்லாருக்கும் அப்படித்தான்." சொல்லிவிட்டு மேற்குக் கம்பத்துக்கு நடந்தாள்.

பந்து உருண்டது. கொஞ்ச நேரத்தில் புவனா திரும்பி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள்: "மோகனா, தூங்கறியா... ங்க!" மைதானமே சிரித்து உருண்டது.

மோகனப்பிரியாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபோது முதுகுக்குப் பின்னால் காற்றைத் தவிர ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. வலை ஒரே சீராக உப்பியிருந்தது. எதிரணிக்காரி பந்தைத் தடுமாறவிட்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். இன்னொரு கணம் காத்திருந்தாள்.

"ஏறு!"

குரல் உடைந்துதான் வந்தது. நால்வரும் ஓர் அடி தாமதமாகத்தான் போனார்கள். ஆனால் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.